கடைசிக் கோழியும் ஒரு காக்காவும்

டமாரம் "வெளியே மழை" என்று சொன்னால், நனைந்துகொண்டு நிற்பவர்கள்கூட ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். அப்படியொரு பெயர் எடுத்திருந்தார் மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ. கடைப் பலகையில்கூட அது வெயிலில் மங்கி, 'தையலகம்' என்ற பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. கடைவீதி முடிந்து ரயில்வே கேட்டுக்குத் திரும்பும் முனையில் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, விளிம்பில் ரசம் போன ஆளுயரக் கண்ணாடி. துணி அளக்க ஒரு டேப் கழுத்தில் தொங்கும். அவர் அளக்கும் மற்றதற்கு அந்த டேப் போதாது.

ஜன்னலோர முக்காலியில் அவர் மனைவி உட்கார்ந்து காஜா எடுப்பாள். ஊருக்கே அவள் காஜாம்மா. பட்டன் போகும் ஓட்டையைச் சுற்றி அவள் போடும் நூல் எவ்வளவு நெருக்கமோ, அவள் பேச்சும் அவ்வளவு நெருக்கம். நடுவில் ஒரு பொய் நுழைய இடம் இருக்காது. "என்னம்மா, துணி சுருங்கிடுச்சு போல" என்று வாடிக்கையாளர் வயிற்றை எக்கிக்கொண்டு இழுத்தால், "துணி அப்படியேதான் இருக்கு. நீங்கதான் விரிஞ்சிட்டீங்க" என்பாள். கல்யாணப் பெண் கண்ணாடி முன் சுழன்று "நல்லா இருக்கா?" என்று கேட்டாலும், "சுமார்" என்றுதான் பதில் வரும். இதனால் சில வாடிக்கையாளர்கள் போனதும் உண்டு. ஆனால் ஊரில் இரண்டு பேருக்கு நடுவே 'நீ சொன்னாய், நான் சொல்லவில்லை' என்று தகராறு வந்தால், முதலில் காஜாம்மாவைத்தான் தேடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவர் எப்படி வாய்த்தார் என்று ஊர் வியந்தது. காஜாம்மா வியக்கவில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே கணவர் சொல்லும் எதையும் அவள் நம்புவதை விட்டுவிட்டாள். கோபமெல்லாம் கிடையாது. ரேடியோவை ஓடவிட்டு வேலை பார்ப்பவர்களைப் போல, அவரை ஓடவிட்டு அவள் காஜா எடுத்தாள். டமாரத்துக்கு அதுதான் உள்ளூர ஒரு முள். ஊர் நம்பாவிட்டால் போகட்டும். என்றாவது ஒருநாள், ஏதாவது ஒன்றை, இவள் நிமிர்ந்து பார்த்து நம்ப வேண்டும்.

டமாரத்தின் புகழுக்கு ஒரு மேடை இருந்தது. சங்கம்.

முதலில் அது துப்பாக்கிச் சங்கம். ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணியாகப் பிரிந்து காலையில் கிளம்புவார்கள். மாலையில் மரக்கடைத் தராசின் இரண்டு தட்டிலும் பறவைகளைக் குவிப்பார்கள். எந்தத் தட்டு தாழ்கிறதோ அந்த அணிக்கு மற்ற அணி விருந்து வைக்கும். கொக்கு, நாரை, மைனா, பெயர் தெரியாதது எல்லாம் அதில் உண்டு. தின்னக்கூடியதைத் தின்பார்கள், மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொள்ளும். பறப்பது சுடுவதற்கு என்பதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. யோசிப்பதற்குள் பறவை போய்விடும் என்பதும் ஒரு காரணம்.

சில ஆண்டுகளில் குவியல் குறைந்தது. உடனே சங்கம் கூடி, முட்டையிடும் மாதங்களில் சுடுவதில்லை என்று முடிவெடுத்தது. இரக்கமெல்லாம் இல்லை, முட்டையோடு சேர்த்துச் சுட்டால் அடுத்த ஆண்டு எதைச் சுடுவது? அப்படியும் குறைந்தது. அப்போது சங்கத் தலைவரான பல் டாக்டர் எங்கேயோ படித்துவிட்டு வந்து, பறவைகளில் நல்லது கெட்டது என்று இரண்டு ஜாதி உண்டு என்றார். பூச்சியைத் தின்பது நல்லது, விட்டுவிட வேண்டும். தானியத்தைத் தின்பது கெட்டது, சுடலாம். இந்த ஏற்பாட்டைப் பறவைகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே பறவை காலையில் பூச்சியும் மாலையில் தானியமும் தின்று எல்லோரையும் குழப்பியது. அதனால் சங்கத்தார் மாலையில் சுட்டார்கள்.

கடைசியில் ஓர் ஆண்டு மரக்கடைத் தராசு அசையவே இல்லை. மரம் நிறுக்கும் தராசு, ஒரு கூடைப் பறவைக்கு எப்படி அசையும்? பக்கத்து மளிகைக் கடையிலிருந்து சர்க்கரை நிறுக்கும் தராசை வாங்கி வந்தார்கள். அத்தனை பெரிய மனிதர்கள் அந்தச் சின்னத் தராசைச் சுற்றிக் குனிந்து நின்றதைப் பார்த்து, சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினரான நூலகத்து அம்மா தொண்டையைச் செருமினார்.

"சுடுறதுக்குப் பதிலா எண்ணினா என்ன?"

கூட்டம் பேயறைந்தது போல நின்றது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "எண்ணினா, யார் ஜெயிச்சாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி."

இப்படித்தான் அந்த ஊரில் பறவைகளைக் காப்பாற்றும் இயக்கம் பிறந்தது. பலகையில் 'துப்பாக்கி' என்ற சொல்லின் மேல் வெள்ளையடித்து 'பறவை' என்று எழுதினார்கள். மழை பெய்து பலகை ஊறினால் மட்டும், பறவைக்குப் பின்னால் துப்பாக்கி லேசாக எட்டிப் பார்க்கும்.

டமாரத்துக்கு அது பொற்காலம். துப்பாக்கிக் காலத்தில் வாய் எவ்வளவு நீண்டாலும் கூடையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். இப்போது கூடையே இல்லை! பார்த்தேன் என்றால் பார்த்ததுதான். அவர் ஒரே காலையில் மூன்று கண்டத்துப் பறவைகளைப் பார்த்துவிட்டு, மத்தியானம் பட்டன் வைக்கத் திரும்பிவிடுவார். கடலில் மட்டும் வாழும் பறவை ஒன்று ரயில்வே கேட்டின் மேல் உட்கார்ந்து அவரைப் பார்த்துத் தலையசைத்ததாகச் சொன்ன அன்றுதான், டாக்டர் மேசையைத் தட்டி விதி போட்டார்.

"இங்க இல்லாமப்போன பறவை எதையாவது பார்த்தேன்னு யாராவது சொன்னா, உடலைக் கொண்டாந்து மேசையில வைக்கணும். இல்லன்னா வாயைத் திறக்கக் கூடாது. யோவ் டமாரம், உனக்குத்தான் சொல்றேன்."

உயிரோடு இருக்கிறது என்பதை நிரூபிக்க அதைக் கொல்ல வேண்டும். இந்த விதியில் ஏதோ இடிக்கிறதே என்று நூலகத்து அம்மா மட்டும் முனகினார். மற்றவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

டாக்டர் கெட்டவர் இல்லை. பறவைகள் என்றால் அவருக்கு உயிர். அதாவது, பறவைகளின் உயிர். மருத்துவமனை முன்னறையில், நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பெஞ்சுக்கு நேரே ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே கறுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக ஒரு நாணல் பறவை. காலர்கோழி என்பார்கள். ஒரு காலத்தில் குட்டைக்குக் குட்டை இருந்தது. இறைச்சி ருசி என்று பெயரெடுத்ததுதான் அது செய்த தப்பு. பேழைக்குக் கீழே பித்தளைத் தகட்டில், 'கடைசிக் காலர்கோழி' என்று பொறித்து, சுட்டவர் பெயராக டாக்டர் பெயர். கோழியைச் சுடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கடைசிக் கோழியைச் சுட்டவர் ஒருவர்தானே?

அதற்கு உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்தது டமாரம். ஊரில் பறவை பாடம் செய்ய ஆளில்லை. ஊசி பிடிக்கத் தெரிந்தவர் அவர்தான். தோலைக் கோட்டுத் துணி போல விரித்து, முதுகில் ஒரு மடிப்பு வைத்து, கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பட்டனில் நான்கு ஓட்டை. பல் பிடுங்க வந்தவர்களை அந்தக் கோழி எட்டு ஓட்டையாலும் உற்றுப் பார்த்தது. பாதிப் பேருக்குப் பயத்தில் வலியே மறந்துபோகும்.

இதெல்லாம் இப்படி இருக்க, ஒருநாள் காலை டமாரம் செங்கல் சூளை மேஸ்திரிக்குக் கால்சட்டை கொடுக்கப் போனார். சூளைக்குப் பின்னால் மண் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று, நாணல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. ஓரமாக ஒதுங்கலாம் என்று போனவர், ஒதுங்காமலே நின்றுவிட்டார்.

நாணலை விலக்கிக்கொண்டு ஒரு காலர்கோழி வெளியே வந்தது. பின்னாலேயே, தையல் மெஷினுக்கு அடியில் சேரும் கறுப்பு நூல் பிசிறு உருண்டை உருண்டையாக எழுந்து நடப்பது போல, குஞ்சுகள். கோழி நின்று, கழுத்தை நீட்டி, டமாரத்தை ஒரு பார்வை பார்த்தது. பட்டனில் வராத பார்வை.

டமாரத்தின் கண் நேராகக் காலருக்குப் போனது. "அடச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பேழைக் கோழிக்கு அவர் காலரைக் கழுத்து முழுக்கச் சுற்றி மூடித் தைத்திருந்தார். இதற்கோ முன்பக்கம் திறந்து, இரண்டு முனையும் மார்பில் அழகாகச் சரிந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக ஊர் பார்த்துக்கொண்டிருப்பது தப்பான வெட்டு!

வீட்டுக்கு ஓடினார். கால்சட்டை கையிலேயே இருந்தது.

"ஏய், காலர்கோழி பார்த்தேன். குஞ்சோட."

"சாப்பிட்டீங்களா?" என்றாள் காஜாம்மா.

"நிஜமாடி."

"சரி. குழம்பு மூடி வெச்சிருக்கேன்."

அவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒட்டுப்போடத் தேவையில்லாத கதை ஒன்று கிடைத்திருக்கிறது; அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. கடலில்லாத ஊரில் கடற்பறவையைத் தலையசைக்க வைத்த வாய், இப்போது "இருந்துச்சு... நடந்துச்சு..." என்று திக்கியது. சங்கத்திலும் அப்படித்தான். எழுந்து நின்று, கோழி, குஞ்சு, நாணல் என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டார். இடத்தை மட்டும் சொல்லவில்லை. சிரிப்பு கூரையைத் தூக்கியது.

"இது என்னய்யா, லைனிங் இல்லாத கோட்டு மாதிரி இருக்கு? உடம்பு சரியில்லையா?" என்றார் ஒருவர்.

"என் கோழிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று டாக்டர் கிண்டலாகக் கேட்டார்.

"அதுக்குக் காலர் திறந்திருக்கு. உங்களது மூடியிருக்கு. நான்தான் தப்பாத் தைச்சிட்டேன்."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

மறுநாள் கோட்டு அளவு கொடுக்கும் சாக்கில் டாக்டர் கடைக்கு வந்தார். காஜாம்மா நூல் வாங்கப் போயிருந்தாள். கைகளை விரித்து நின்றபடியே அவர் கண்ணாடியில் டமாரத்தைப் பார்த்தார்.

"தன் தையலைத் தானே குறை சொன்ன டெய்லரை நான் பார்த்ததே இல்லய்யா. அதனால நீ சொன்னது நிஜம்."

டமாரத்துக்குத் தலைகால் புரியவில்லை. நம்பிவிட்டார்கள்! நாற்பது வயதுக்கு மேல் அவரை ஒருவர் முதன்முதலாக நம்பிவிட்டார். அளந்த தோளையே மறுபடி அளந்தார்.

"ஆனா டாக்டரே, அப்ப உங்ககிட்ட இருக்கிறது கடைசி இல்லையே?"

"அதனாலதான்யா அவசரம். அதையும் சுட்டுட்டா, அப்புறம் அதுதான் கடைசி. நீயே சுடு. தகட்டுல உன் பேரைப் பொறிக்கிறேன், பித்தளையில. இல்ல, இடத்தைச் சொல்லு, நான் பார்த்துக்கிறேன்."

"குஞ்சு இருக்கு டாக்டரே..."

"அதுவும் நிஜம்தானா?" டாக்டரின் முகம் குழந்தையைப் போல மலர்ந்தது. "பெரிய பேழையாச் செய்வோம். குடும்பமா வைப்போம்."

அவர் போன பிறகு டமாரம் வெகுநேரம் வெட்டுமேசையில் சாக்பீஸால் தன் பெயரை எழுதி எழுதி அழித்தார். பெற்றவர்கள் வைத்த பெயர். பித்தளையில் அது எப்படி இருக்கும்? வெயிலுக்கு மங்காது. பிறகு பரண் மேலிருந்த துப்பாக்கியை இறக்கி மெஷின் எண்ணெய் போட ஆரம்பித்தார்.

காஜாம்மா திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"பொய்க்கு எதுக்குங்க எண்ணெய்?"

"பொய்யில்ல. கொண்டாந்து காட்டுறேன் பார்."

"நானும் வர்றேன்." செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். "இந்தப் பொய்யைத்தான் கடைசி வரைக்கும் போய்ப் பார்த்துடலாம்னு இருக்கு."

சூளைக்குப் பின்னால் நாணலோரம் குந்தி உட்கார்ந்தார்கள். காஜாம்மா கொட்டாவி விட்டாள். பிறகு, விட்ட கொட்டாவியை மூட மறந்து அப்படியே இருந்தாள்.

கோழி வந்தது. குஞ்சுகள் வந்தன. ஒன்று தடுக்கி விழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்பது போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓடியது. டமாரம் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"வேண்டாங்க," என்றாள் காஜாம்மா. குரல் வேறாக இருந்தது. "அதான் நான் பார்த்துட்டேனே."

அவர் திரும்பினார். காஜாம்மா நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோவைப் பார்க்கும் பார்வை இல்லை அது. டமாரத்தின் கை தானாகத் தாழ்ந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் டமாரம் இல்லையே! பாதி வழி வருவதற்குள் அவருக்கு ஒரு பெரிய யோசனை உதித்துவிட்டது. "ஏய், நீ சொன்னா ஊரே நம்புமே! உடல் எதுக்கு? நீயே சாட்சி! சங்கத்துல வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போதும்." காஜாம்மா பதில் சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சங்கத்தில் அன்று நிற்க இடமில்லை. காஜாம்மா சாட்சி சொல்கிறாள் என்றதும் சங்கத்துக்கும் பறவைக்கும் சம்பந்தமில்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். டமாரம் துவைத்துத் தேய்த்த சட்டையில் மாப்பிள்ளை போல நின்றார். டாக்டர் எழுந்து கும்பிட்டார்.

"தங்கச்சி சொன்னா போதும். உடலே வேண்டாம், விதியைத் தளர்த்திடலாம். இடத்தை மட்டும் சொல்லட்டும்."

அவர் நாற்காலியோரம் நீளமான தோல் உறை ஒன்று சாய்ந்திருந்தது. பக்கத்தில் புதிதாகப் பிரித்த தோட்டாப் பெட்டி. டமாரம் கண்ணில் அதெல்லாம் படவில்லை. அவர் கண் முழுக்கப் பித்தளை. காஜாம்மா ஊசி கோக்கும்போது பார்ப்பது போலக் கண்ணை இடுக்கி அந்த உறையைப் பார்த்தாள்.

"பார்த்தியா தங்கச்சி?"

"பார்த்தேன்," என்றாள். கூட்டம் முன்னால் சாய்ந்தது. "காக்கா."

"என்னது?"

"காக்காண்ணே. மரத்துல உட்கார்ந்திருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"காலர்...?"

"இவர் டெய்லர் இல்லையா? எதைப் பார்த்தாலும் காலர்தான் தெரியும்."

கூரை மறுபடி எழும்பித் தணிந்தது. டாக்டர் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, தன்னுடையதுதான் கடைசி என்பது நினைவுக்கு வந்து மெல்லப் புன்னகைத்தார். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. காஜாம்மா சொன்ன பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

டமாரம் தெருவில் விடுவிடுவென்று நடந்தார். அவள் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஒரு பொய்யைப் பக்கத்தில் நின்று கேட்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏங்க."

"என்ன?"

"நல்லாச் சொன்னேனா?"

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பெண்ணைப் போல முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். தோல் உறையும் தோட்டாப் பெட்டியும் அப்போதுதான் அவர் கண்ணுக்குள் வந்தன. இவள் உறையைப் பார்த்த நேரத்தில் தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதும். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தொழில்காரர் மட்டும் மிச்சமிருந்தார்.

"பரவாயில்ல," என்றார் கண்டிப்பாக. "ஆனா அந்தக் காக்கா எதுக்கு? ஒரு பொய்க்கு ஒரு பொய் போதும். கூட ஒண்ணு வெச்சா மடிப்பு தெரியும்."

"காக்கா பொய்யில்லைங்க. சூளைக்குப் போற வழியில மரத்துல நிஜமாவே இருந்துச்சே. முழுசாப் பொய் சொல்ல வாய் வரல. அதான் ஒரு நிஜத்தையும் சேர்த்துக்கிட்டேன்."

டமாரம் சற்று யோசித்தார். இத்தனை காலத்தில் தனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் கணக்கெடுப்பில் டமாரம் எழுந்து, "காலர்கோழி, குஞ்சுகளோட" என்பார். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். நாணலுக்கு அதைவிடப் பலமான வேலியை யாரும் போட்டிருக்க முடியாது. டாக்டர் கடைசிக் கோழியின் சொந்தக்காரராகவே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

வெகுகாலம் கழித்து, சூளையெல்லாம் மூடிய பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் கழுத்தில் தொலைநோக்கியோடு வந்தாள். நாணலுக்குள் நாள் கணக்கில் கிடந்து, காலர்கோழிகள் ஏராளமாக இருப்பதைப் பார்த்துவிட்டாள். இப்போது அங்கே கம்பி வேலி, அறிவிப்புப் பலகை, காவலாளி எல்லாம் உண்டு. துப்பாக்கி காவலாளியிடம்.

முதலில் பார்த்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தாள். டமாரத்துக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னார். அவளோ, "அப்படியா சார், சரிங்க சார்" என்று ஒன்று விடாமல் தலையாட்டினாள். ஒரு சந்தேகம் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. டமாரம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் நம்புகிறவர்களிடம் சொல்வதில் என்ன ருசி இருக்கிறது? மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு அந்தக் கோழி நேரா என்கிட்ட வந்துச்சும்மா. வந்து, என் சட்டைக் காலரைப் பார்த்துச்சு. தன் காலரைப் பார்த்துச்சு. அப்புறம் ஒரு சிரிப்பு சிரிச்சுது பாரு..."

பெண்ணின் தலையாட்டல் நின்றது. ஜன்னலோர முக்காலியில் காஜாம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"அந்தக் காக்காவை விட்டுட்டீங்களே," என்றாள்.